ஆவணமும் நம்பகமும்: எழுத்துக்குச் சான்று நின்றார் வரலாறு

ஒருவன் எழுதிக் கொடுத்த ஓலையை, அவனை அறியாத மற்றொருவன் எதனால் நம்புகின்றான்? எழுதியவன் இறந்துபட்ட பின்னும் அவ்வெழுத்து உயிருடையதாய் நிற்பது எங்ஙனம்? ஆவண வரலாறு முழுவதும் இவ்விரு வினாக்களுக்கு மக்கள் கண்ட விடைகளின் வரலாறே எனலாம். கல்வெட்டுகளில் விலையாவணங்களைப் பயில்வோர் விலை, எல்லை, நிலவளவு, வரி ஆகியவற்றையே பெரிதும் ஆராய்வர். அவ்வாவணத்தை வரைந்தவன் யார், அதன் உண்மைக்கு நின்றவன் யார் என்பதனை ஆராய்தல் அருகியே காணப்படுகின்றது. அக்குறையைச் சிறிது நிரப்புதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்காலத்தில் எழுத்துக்குச் சான்று நிற்றலையே தொழிலாகவுடைய பதவி ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அதனை 'நோட்டரி பப்ளிக்' என மக்கள் வழங்குவர். ஆட்சித் தமிழ் 'சான்றுறுதி அலுவலர்' என்னும். இலங்கைத் தமிழர் அதனைப் 'பிரசித்த நொத்தாரிசு' என்பர். பெயர் ஒன்றினின்றே பிறந்ததாயினும், பாக்கு நீரிணைக்கு இருமருங்கும் அப்பதவியின் இயல்பு பெரிதும் வேறுபடுகின்றது. அவ்வேறுபாடு யாது, அது எவ்வாறு தோன்றிற்று, நம் பழைய ஆவண முறையோடு அதற்கு உறவு உண்டோ என்பனவற்றை ஈண்டு முறையே ஆராய்வாம்.

இப்பொருள்பற்றி இருவேறு கருத்துகள் எழுதல் கூடும். தமிழர் வாய்ச்சொல்லாலேயே வாழ்ந்தனர். சான்றிட்ட எழுத்து ஐரோப்பியர் கொணர்ந்தது என்பது ஒன்று. சோழர் காலத்திலேயே நோட்டரி இருந்தார். புதியது யாதும் இல்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஆராயாது கூறுவனவே என்பது யாம் காட்டவிருக்கும் முடிபாகும்.

1. நால்வகைத் தொழில்

ஆராய்ச்சிக்கு எளிதாதற்பொருட்டு, ஓர் ஆவணம் உறுதி பெறுதற்கு வேண்டிய தொழில்களை நான்காகப் பகுத்துக் கொள்வாம். ஆவண வாசகத்தை அமைத்தல் முதலாவது. இதனை வரைதல் எனக் குறிப்போம். எழுதிக் கொடுப்பவன் இன்னானே எனத் தெளிதல் இரண்டாவது. இதனை ஆளறிதல் என்போம். அவன் மனமொத்துக் கையெழுத்திட்டதைக் கண்டு அதற்குத் தன் எழுத்தும் இடுதல் மூன்றாவது, இது சான்றிடல். மூலத்தையோ அதன் படியையோ அழியாமல் வைத்து, வேண்டியபோது எடுத்துக் காட்டுதல் நான்காவது, இது காத்தல்.

இந்நான்கனையும் ஒருவரே செய்யலாம். பலர் பகுத்துக் கொண்டு செய்யலாம். ஒரு நாட்டின் ஆவண முறையினது தன்மை, இந்நான்கும் யார் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன என்பதனால் அறியப்படும். கீழே வரும் பகுதிகளில் இவ்வளவுகோல் கொண்டே காலந்தோறும் நின்ற முறைகளை அளந்து காண்போம்.

2. சொற்கள் தரும் சான்று

ஆவணம் என்னும் சொல் சங்க நூல்களில் கடைத்தெருவைக் குறித்து வழங்கும். பிற்காலத்தில் உரிமை காட்டும் ஓலைக்கு அதுவே பெயராயிற்று. கொள்ளலும் கொடுத்தலும் நிகழும் இடத்தின் பெயரும், அந்நிகழ்ச்சிக்கு அடையாளமாய் நிற்கும் எழுத்தின் பெயரும் ஒன்றாதல் கருதத்தக்கது. அகநானூற்றின் 77-ஆம் பாட்டில், கயிற்றாற் பிணித்த குடத்தின்மேல் இட்ட பொறியைக் கண்டு, அதனை நீக்கி, உள்ளிருக்கும் ஓலைகளை எடுப்போர் உவமையாக வருகின்றனர். அவர்க்கு 'ஆவண மாக்கள்' என்பது பெயர். பொறி சிதையாதிருத்தலைக் கண்டபின்னரே அதனை அழித்தல் அவர் தொழில் என்பதனால், எழுத்தைக் காத்தற்கு முத்திரையும், முத்திரையை ஆராய்தற்கு உரிய மாந்தரும் மிகப் பழங்காலத்திலேயே இருந்தமை போதரும். எனினும் இவ்வொரு குறிப்பினைக் கொண்டு அக்கால ஆவண முறை முழுவதையும் கட்டி எழுப்புதல் பொருந்தாது.

'எழுத்து' என்னும் சொல் கல்வெட்டுகளில் கையொப்பம் என்னும் பொருளில் வருதல் யாவரும் அறிந்ததே. 'இவை இன்னான் எழுத்து' என முடியும் தொடர்களை ஆவணங்களின் இறுதியில் வரிசையாகக் காணலாம். எழுத அறியாதான் தன் பெயர்க்குத் தலைமாறாக இட்ட குறியே 'தற்குறி' எனப்பட்டது. அவன் குறி இதுவேயென அறிந்த மற்றொருவன் அதற்குச் சான்றாகத் தன் எழுத்தை இடுவான். இன்று கல்லாதவனை இகழும் சொல்லாய்த் தாழ்ந்துவிட்ட தற்குறி, அன்று கல்லாதவனும் தன் உரிமையைத் தானே எழுத்தில் நிலைநாட்டுதற்கு வழியாய் இருந்தது. ஆவணத்தின் வாயில் கற்றார்க்கு மட்டும் திறந்திருக்கவில்லை என்பதற்கு இச்சொல் ஒன்றே தக்க சான்றாகும்.

3. கல்வெட்டில் விலையாவணம்

சோழர், பாண்டியர் கல்வெட்டுகளிற் காணும் நில விற்பனை ஆவணங்கள் ஏறத்தாழ ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. அரசனின் ஆட்சியாண்டு, விற்போர், கொள்வோர், நிலம் இருக்கும் ஊர், கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் என்னும் பெருநான்கெல்லை, எல்லைக்கு உட்பட்ட நிலம் ஒழிவின்றி விற்றமை, விலைப்பொருள், அப்பொருளை ஆவணக்களியிலேயே கைச்செல்லக் கொண்டமை, இவ்வோலையன்றி வேறு பொருட்செலவோலை காட்டக் கடவதன்று என்னும் உறுதிமொழி, இறுதியாக எழுத்துகள் என்பன அவ்வாய்பாட்டின் உறுப்புகளாம். விலையோலையும் பணம் பெற்றமைக்கு உரிய பற்றோலையும் தனித்தனியே வேண்டாது இவ்வொன்றே இரண்டுமாய் நிற்கும் என்று வரையறுத்த நுட்பம் போற்றத்தக்கது. பின்னர் ஒருவன், 'நிலம் விற்றது மெய். பணம் வந்திலது' என வழக்காடுதற்கு இடமின்றி அத்தொடர் வாயிலை அடைக்கின்றது.

இவ்வாய்பாடு முற்றும் மறைந்துவிடவில்லை. இன்றைய கிரயப் பத்திரத்தில் நான்கெல்லையைச் செக்குபந்தி என்பர். தொகை முழுதும் பெற்றுக்கொண்டமையும், வில்லங்கம் யாதும் இன்மையும், வாங்கியவர் தம் விருப்பம்போல் ஆண்டு அனுபவித்துப் பிறர்க்கு உரிமை செய்தற்கு உரியர் என்பதும் அதில் முறையாக எழுதப்படுகின்றன. விசயநகரக் காலத்தில் வடமொழிச் சொற்கள் மிகுந்து புகுந்தன; பின்னர்ப் பாரசீக, உருதுச் சொற்கள் வந்தன; ஆங்கிலச் சட்டச் சொற்கள் இறுதியிற் சேர்ந்தன. சொற்கள் மாறினும் உறுப்புகளின் வரிசை பெரும்பாலும் மாறவில்லை. வரைதல் என்னும் தொழிலில் மரபு அறுபடாது வந்துள்ளது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, அவ்வாவணங்களை எழுதியவர் யார்? ஊரவை செய்த தீர்மானங்களையும் விற்பனைகளையும் எழுதினோர், அவையார் 'பணிக்க' எழுதியதாகவே குறிப்பர். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்குப் பெயர் பெற்றவை. அவையார் முடிபினை எழுதியவன் நடுவனாகிய மத்தியத்தன் ஆவான் என்பதனையும் அவற்றிற் காண்கின்றோம். பிற ஊர்களில் ஊர்க்கணக்கன் எழுதினான். இவர்கள் தம் பெயரால் நம்பகம் பெற்றவர் அல்லர். அவையின் ஆணையால் எழுதினர். ஆவணத்தின் உண்மைக்கு நின்றது அவை. ஆளறிதலும் அவ்வாறே. விற்பவனைப் பிறந்த நாள்தொட்டு அறிந்த ஊரார் நடுவே அவன் இன்னான் என்பதற்குத் தனிச் சான்று வேண்டுவதில்லை.

காத்தலைப் பொறுத்தவரை, கோயிற்கு உரிய உரிமைகள் கோயிற் சுவரிலேயே வெட்டப்பட்டன. ஓலை செல்லரிக்கும், கல் அரிக்கப்படாது என்பது மட்டும் காரணம் அன்று. யாவரும் வந்து செல்லும் இடத்தில் யாவரும் காணப் பொறித்தமையால் அதனை மறைத்தலும் திருத்துதலும் அரியவாயின.

அரசன் நேரே கொடுத்த கொடைகளுக்கு முறை விரிவானது. நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தை அளித்த முதல் இராசராசனின் ஆணையை இலெய்டன் பெரிய செப்பேடு கூறுகின்றது. அவனது 21-ஆம் ஆட்சியாண்டில் பிறந்த அவ்வாணையைத் திருமந்திர ஓலை எழுதுவான் எழுத, ஓலை நாயகங்கள் ஒப்பு நோக்க, வரித்துறையார் வரிப்பொத்தகத்தில் இட்டுக் கொண்டனர். பின்னர் நாட்டார் பிடி சூழ்ந்து எல்லை வலம் வந்து, கல்லும் கள்ளியும் நாட்டினர். எழுதியவன் ஒருவன், ஒத்திட்டவன் மற்றொருவன், பதிந்தவன் வேறொருவன், நிலத்தில் எல்லை காட்டியவர் நாட்டார். ஒருவரது பிழையோ வஞ்சமோ மற்றவரால் வெளிப்படுமாறு தொழில்கள் பகுக்கப்பட்டிருந்தன. ஆகவே சோழர் கால முறையில் நால்வகைத் தொழிலும் குறைவின்றி நிகழ்ந்தன. ஆனால் அவை ஒருவரிடத்துக் குவியவில்லை.

4. சேக்கிழார் காட்டும் வழக்கு

கல்வெட்டு, ஆவணத்தைக் காட்டும். ஆவணம் ஐயுறப்பட்ட வழி நிகழ்வதனை எளிதிற் காட்டாது. அதனை அறிதற்குச் சேக்கிழாரின் தடுத்தாட்கொண்ட புராணம் துணை செய்கின்றது. சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்க சோழன் (1133–1150) காலத்தவர். சோழ அரசில் அமைச்சராய் விளங்கினார் என்பது மரபு. ஆதலின் திருவெண்ணெய்நல்லூர் அவையில் நிகழ்ந்ததாக அவர் கூறும் வழக்கு, சுந்தரர் கால நடைமுறைக்குச் சான்றாகாவிடினும், கி.பி. 12-ஆம் நூற்றாண்டின் நடைமுறைக்கு நல்ல சான்றாகக் கொள்ளத்தக்கது.

அங்கு அவையார் வேண்டும் மெய்ப்பிப்பு மூவகைத்து. ஆட்சியாகிய அனுபவ வழக்கம், ஆவணம், அயலாரின் காட்சி என்பன அவை. முதியவராய் வந்தவர், முன்னர்க் கிழிக்கப்பட்டது படியோலையே எனவும், மூல ஓலை தம்மிடம் உள்ளது எனவும் கூறுகின்றார். அதனை வலிதிற் பறியாதபடி காக்க இயலுமோ என அவர் வினவ, அவையார் அதற்கு உறுதி கூறிய பின்னரே ஓலை வெளிப்படுகின்றது. கரணத்தான் அதனைத் தொழுது வாங்கி, சுருளை விரித்து, பழமையை நோக்கி, யாவரும் கேட்கப் படிக்கின்றான். அதன்பின் மேலெழுத்திட்ட சான்றோரின் எழுத்துகள் நோக்கப்படுகின்றன. முடிவில், எழுதிக் கொடுத்த பாட்டனாரின் கைச்சாத்து, காப்பில் இருந்து எடுத்த அவரது மற்றொரு கையெழுத்தோடு வைத்து ஒப்புநோக்கப்பட்டு, இரண்டும் ஒத்தன என அவையார் தீர்க்கின்றனர்.

இப்பகுதியிலிருந்து மூன்று செய்திகளைப் பெறுகின்றோம். மூலமும் படியும் வேறெனவும், படி அழியினும் மூலம் நிற்கும் எனவும் அக்காலத்தார் தெளிந்திருந்தனர். கரணத்தான் என்னும் அவைத் தொழிலாளன் ஆவணத்தைப் படித்தற்குரியனேயன்றித் தீர்த்தற்குரியன் அல்லன், தீர்ப்பு அவையினது. எழுத்தை எழுத்தோடு ஒப்பிடுதற்கு, ஐயத்திற்கு இடமில்லாத பழைய எழுத்துகள் சேமிக்கப்பட்ட காப்பிடம் ஒன்று இருந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும் கையெழுத்தை ஒப்பிட்டு நோக்க நீதிமன்றத்துக்கு இடமளித்தது. 2024 சூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தினும் அவ்விதி தொடர்கின்றது. சேக்கிழாரின் அவையார் இந்நெறியைப் புதிதாகக் கற்கவேண்டியதில்லை.

5. நோட்டரியின் பிறப்பு

நோட்டரி என்னும் சொல், குறி எனப் பொருள்படும் 'நோட்டா' என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. உரோமில் 'நோட்டாரியுசு' எனப்பட்டவன் பிறர் பேச்சைக் குறுக்கெழுத்தில் எழுதிக் கொள்பவன். பொதுமக்களுக்கு ஆவணம் எழுதித் தந்தவன் 'தபெல்லியோ' எனப்பட்டான். இடைக்கால இத்தாலியில் இவ்விரு மரபும் கலந்து, அரசன் அல்லது போப்பாண்டவரின் ஆணையால் பொது நம்பகம் பெற்ற நோட்டரி தோன்றினான். 13-ஆம் நூற்றாண்டில் பொலோஞா நகரத்து உரோலாந்தினோ நோட்டரிக் கலைக்கு நூல் ஒன்று இயற்றும் அளவுக்கு அத்தொழில் வளர்ந்தது. நோட்டரி தானே ஆவணத்தை வரைந்தான், கட்சியினரை அறிந்தான், சான்றிட்டான், மூலத்தைத் தன்னிடமே காத்தான். நால்வகைத் தொழிலும் ஒருவனிடம் குவிந்தன. அவன் எழுத்தே மெய்ப்பிப்பாயிற்று.

இங்கிலாந்து இம்முறையை முழுதும் ஏற்கவில்லை. அங்கு நிலவுரிமை வழக்குகள் சாட்சியர் வாய்மொழியாலும் முத்திரையிட்ட பத்திரத்தாலும் தீர்க்கப்பட்டன. நோட்டரிக்குக் கடல் வாணிகமும், அயல்நாட்டுக்குச் செல்லும் பத்திரமும், மறுக்கப்பட்ட உண்டியற்குக் குறிப்பெழுதுதலுமே எஞ்சின. 1533-ஆம் ஆண்டுச் சட்டத்தால், போப்பாண்டவரிடம் இருந்த நோட்டரி நியமன உரிமை காண்டர்பரிப் பேராயரைச் சார்ந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் நம் நாட்டுக்கு வந்தது இச்சுருங்கிய நோட்டரியே. ஒல்லாந்தர் வழி இலங்கைக்குச் சென்றது உரோம-தச்சு மரபின் விரிந்த நோட்டரி. இருமருங்கும் காணும் வேறுபாட்டின் வேர் இஃதே.

இத்தகைய பிரிவு உலகின் வேறிடங்களிலும் காணப்படும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி நோட்டரிச் சட்டம் உடையது. பெரும்பாலான மாநிலங்களில் நோட்டரி வழக்கறிஞராய் இருத்தல் வேண்டுவதில்லை. சட்ட ஆவணம் வரைதற்கும் அவர்க்கு உரிமை இல்லை. பிரஞ்சு, இசுப்பானியச் சட்ட மரபினைப் பெற்ற உலூசியானாவில் மட்டும் நோட்டரி ஆவணம் வரையும் அதிகாரம் உடையவராய், வாழ்நாள் முழுதும் பதவி வகிக்கின்றார். எந்நாட்டுச் சட்டம் முதலில் வேரூன்றிற்றோ அந்நாட்டு நோட்டரியே நிலைத்தான் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

6. இந்தியாவில் நோட்டரி

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய நோட்டரிகள் சிலர் பேராயரின் அதிகாரியிடமிருந்து நியமனம் பெற்றனர். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் கீழ் அரசே நியமித்தோர் பிறர். இவர்தம் தொழில் அச்சட்டத்தின் எல்லைக்கு உட்பட்டது. விடுதலை பெற்ற நாட்டின் அலுவலர்க்கு இங்கிலாந்துத் திருச்சபை அதிகாரியிடமிருந்து உரிமை வருதல் பொருந்தாது என்பது வெளிப்படை. 1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் இயற்றப்பட்டு 1956 பிப்ரவரி 14-இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே விதிகளும் வகுக்கப்பட்டன.

இச்சட்டப்படி நடுவண் அரசு இந்தியா முழுமைக்கோ ஒரு பகுதிக்கோ நோட்டரிகளை நியமிக்கலாம். மாநில அரசு தன் மாநிலத்துக்கு நியமிக்கலாம். வழக்கறிஞராயின் 10 ஆண்டுத் தொழில் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்பட்ட வகுப்பினர், பெண்டிர் ஆகியோர்க்கு 7 ஆண்டுகள் போதும். மனுவை உரிய அதிகாரி ஆராய்ந்து பரிந்துரைக்க, அரசு பதிவேட்டில் பெயர் சேர்த்துத் தொழிற் சான்றிதழ் வழங்கும். அதன் காலம் முன்னர் 3 ஆண்டாய் இருந்தது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 5 ஆண்டாயிற்று. 5 செ.மீ. விட்டமுள்ள வட்ட முத்திரையை நோட்டரி வைத்திருத்தல் வேண்டும். அவரது கையொப்பமும் அம்முத்திரையும் இன்றிச் செய்தது நோட்டரிச் செயலாகாது.

சட்டத்தின் 8-ஆம் பிரிவு அவர் தொழில்களை எண்ணிக் கூறும். பத்திரம் நிறைவேற்றப்பட்டதைச் சரிபார்த்துச் சான்றளித்தல், உறுதிமொழி ஏற்பித்துப் பிரமாணப் பத்திரம் பெறுதல், உண்டியல் மறுக்கப்பட்டதைக் குறித்தல், கப்பல் தலைவனின் முறையீட்டை எழுதுதல், ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்கு ஆவணத்தை மொழிபெயர்த்து அதனைச் சரிபார்த்தல் என்பன அவற்றுட் சில. மொழிபெயர்ப்பு இப்பட்டியலில் இடம்பெற்றமை தமிழ் பயில்வோர் கருத்தில் இருத்தத்தக்கது. நோட்டரி முன்னிலையில் எழுதிச் சான்றளிக்கப்பட்ட அதிகாரப் பத்திரம் முறைப்படி நிறைவேறியதென நீதிமன்றம் ஊகித்துக் கொள்ளும். அந்த அளவில் அவரது எழுத்துக்குச் சட்டம் தரும் மதிப்பு பெரிது.

ஆயின், நில விற்பனையில் அவர்க்கு இடம் யாது? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாப் பொருளின் விற்பனை பதிவு செய்யப்பட்ட பத்திரத்தாலன்றி நிகழாது என்னும். சென்னை மாகாணத்தில் 1802-ஆம் ஆண்டின் 17-ஆம் ஒழுங்குவிதியே ஆவணப் பதிவுக்கு வழி வகுத்தது. இன்று நடைமுறையில் உள்ளது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பத்திரத்தை வரைபவர் வழக்கறிஞரோ உரிமம் பெற்ற ஆவண எழுத்தரோ ஆவர். அடையாளம் காட்டும் சாட்சிகளைக் கொண்டு ஆளறிபவரும், படியைக் காப்பவரும் சார்பதிவாளர். இந்நால்வகைத் தொழிலில் எதனிலும் நோட்டரி வேண்டப்படுவதில்லை. சோழர் காலத்துப் போன்றே தொழில்கள் பகுக்கப்பட்டுள்ளன. அவை நின்ற இடத்தில் அரசின் அலுவலகம் நிற்கின்றது.

7. யாழ்ப்பாணத்து நொத்தாரிசு

யாழ்ப்பாணத்தில் வரலாறு வேறு வழியிற் சென்றது. ஒல்லாந்த ஆளுநர் சைமன்சின் ஏவலால், யாழ்ப்பாணத்துத் திசாவையாய் இருந்த கிளாசு ஐசாக்சு அந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி 1707-இல் அளித்ததே தேசவழமை என்னும் தொகுப்பு. அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களால் ஆராய்ந்து ஒப்பப்பட்டது. 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் ஒழுங்குவிதியால் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலிமை அளித்தனர்.

காணி விற்க எண்ணுவோன் உரிமைப் பங்காளர், அயற்காணிக்காரர், ஈடு பெற்றோர் ஆகியோர்க்கு முன்னறிவிப்புச் செய்தல் வேண்டும் என்பதும், அவர்க்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு என்பதும் தேசவழமையின் விதிகள். ஒல்லாந்தர் அவ்வறிவிப்பைக் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து கூறுமாறு ஆணையிட்டனர். சோழநாட்டு ஆவணத்தில் பெருநான்கெல்லைக்கு உரியோர் எல்லையாக மட்டும் நின்றனர்; யாழ்ப்பாணத்தில் அவ்வெல்லைக்காரர்க்கு விற்பனையையே தடுத்துத் தாம் கொள்ளும் உரிமை இருந்தது. இருவிடத்தும் அயலாரின் காட்சியே ஆவணத்தின் அடிப்படை.

1840-ஆம் ஆண்டின் 7-ஆம் கட்டளைச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. வஞ்சத்தைத் தடுத்தற்கென இயற்றிய அச்சட்டம், காணி விற்பனை, ஈடு முதலியன எழுத்தில் அமைந்து, உரிமம் பெற்ற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளேனும் ஒருங்கே முன்னிற்கக் கையொப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது என விதித்தது. 1907-ஆம் ஆண்டின் நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டம் அவர் கடமைகளை விரித்துரைத்தது. நியமனப் பத்திரத்தில் இன்ன மொழியில் தொழில் செய்யலாம் எனக் குறிக்கப்படும். நொத்தாரிசு உறுதியைப் படித்து விளக்குதல் வேண்டும். எழுதிக் கொடுப்போனைத் தாம் அறிதல் வேண்டும், அன்றேல் அறிந்த சாட்சிகளைக் கொள்ளுதல் வேண்டும். பணம் தம் முன்னிலையில் கொடுக்கப்பட்டதா என்பதனைச் சான்றுரையில் எழுதுதல் வேண்டும். ஒரு படியைக் காணிப் பதிவாளர்க்கு அனுப்பி, மற்றொன்றைத் தம் காப்பில் வைத்தல் வேண்டும்.

ஆவணக்களியிலேயே பொருள் கைச்செல்லக் கொண்டமையைக் கூறும் சோழர் காலத் தொடரையும், பணம் தம் கண்முன் எண்ணப்பட்டதா என எழுதும் நொத்தாரிசின் சான்றுரையையும் அருகருகே வைத்துக் காண்போர் வியப்புறுவர். ஒன்று மற்றொன்றினின்று தோன்றியதென யாம் கூறவில்லை. ஒரே வகை வழக்குகள் ஒரே வகை முன்காப்பினைத் தோற்றுவித்தன என்பதே கொள்ளத்தக்கது.

நொத்தாரிசு தமிழில் உறுதி எழுதியமையால் மொழிக்கும் பயன் விளைந்தது. அறுதி உறுதி, ஈட்டு உறுதி, நன்கொடை உறுதி எனச் சட்டக் கலைச்சொற்கள் தமிழிலேயே நிலைபெற்றன. 'உறுதி முடித்தல்' என்பது யாழ்ப்பாணத்தார் நாவில் இயல்பாய் வழங்கும் தொடர். சென்னைப் பக்கத்துப் பத்திரங்களில் வடமொழி, உருதுச் சொற்கள் மிக்கிருந்த காலத்தும் அங்கு 'உறுதி' என்னும் தமிழ்ச்சொல் ஆவணத்தின் பெயராய் நின்றது. தமிழ்ச் சட்டமொழியின் வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்வுறுதிகளை மூலச் சான்றாகக் கொள்ளுதல் இன்றியமையாதது.

8. முடிபு

இதுகாறும் கண்டவற்றை ஒப்பிடுவாம். சோழர் காலத்தில் நால்வகைத் தொழிலும் பகுக்கப்பட்டு, ஊரவையின் நம்பகத்தில் ஒன்றுபட்டன. இன்றைய தமிழ்நாட்டிலும் அவை பகுக்கப்பட்டுள்ளன. பதிவுத் துறையின் நம்பகத்தில் நிற்கின்றன. நோட்டரி அவற்றின் புறத்தே நின்று, வேறு பல எழுத்துகளுக்குச் சான்றளிக்கின்றார். யாழ்ப்பாணத்து நொத்தாரிசு அந்நான்கனையும் பெரும்பாலும் தம்மிடத்தே கொண்டவர். காத்தலில் மட்டும் பதிவாளரோடு பங்கு கொள்கின்றார். ஆகவே தமிழர்க்குச் சான்றிட்ட எழுத்து புதிதன்று. அவ்வெழுத்தின் நம்பகத்தைத் தனியொருவர்பால் வைத்தலே புதிது. முற்கூறிய இருவேறு கருத்துகளும் இவ்வேறுபாட்டைக் காணாமையால் வழுவின.

இஃது ஏட்டளவில் நிற்கும் வேறுபாடு அன்று. தமிழ்நாட்டில் மனை வாங்கும் எளியோர் பலர், வட்ட முத்திரை பொறித்த ஒப்பந்தத்தைப் பெற்றவுடன் நிலம் தமதாயிற்று என்று கருதிவிடுகின்றனர். கையெழுத்து இட்டவன் இன்னான் என்பதற்கு அம்முத்திரை சான்றாகும். அவனுக்கு அந்நிலம் உரியதோ, முன்னரே பிறர்க்கு விற்கப்பட்டதோ என்பதற்கு அது சான்றாகாது. பதிவு இன்றி உரிமை மாறாது. மறுதலையாக, விருப்ப ஆவணமாகிய உயிலுக்குச் சட்டம் வேண்டுவது இரு சாட்சிகளின் கையொப்பமே. முத்திரை இல்லை என அஞ்சி, எழுதிய உயிலைப் பயனற்றதெனக் கருதுதலும் பிழை. யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசின்றி உறுதி இல்லை. தமிழ்நாட்டில் நோட்டரியால் மட்டும் பத்திரம் நிறைவதில்லை. பெயர் ஒற்றுமையால் இவ்விரண்டும் மயங்குமிடத்து, இழப்பு வாழ்நாட் பொருளாகவே முடிகின்றது.

திருவெண்ணெய்நல்லூர் அவையார் ஓலையைக் கண்டவுடன் ஒப்பவில்லை. அதனைப் படிக்கக் கேட்டனர். சான்றோர் எழுத்தை நோக்கினர். காப்பில் இருந்த மற்றோர் எழுத்தை வருவித்து ஒப்பிட்டனர். அதன் பின்னரே தீர்த்தனர். அவ்வளவு பொறுமையோடு எழுத்தை ஆராய்ந்த மரபு நம்முடையது. கல்வெட்டு விலையாவணம், ஓலை ஆவணம், யாழ்ப்பாணத்து உறுதி, பதிவகத்துப் பத்திரம் ஆகிய நான்கனையும் ஒருங்கு வைத்து, அவற்றின் வாய்பாடுகளையும் சொற்களையும் நூற்றாண்டு வாரியாக ஒப்பிடும் முழு ஆராய்ச்சி ஒன்று செய்யப்படல் வேண்டும். இளைய ஆராய்ச்சியாளர் அப்பணியை மேற்கொள்வாராயின், தமிழ் உரைநடையின் வரலாற்றிற்கும் நிலவுரிமையின் வரலாற்றிற்கும் ஒருங்கே அது பயன்படும் என்பது எம் துணிபு.